பெருமையாக இருக்கிறதா என்று கேட்டபோது: செவிலிய மாணவர்களின் தொழிற்பார்வையை அளந்த அனுபவம்

செவிலியக் கல்லூரியில் ஆசிரியையாகப் பணிபுரியும் நான், மாணவர்கள் தாங்கள் படிக்கும் தொழிலை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை இதுவரை மூன்று முறை அளந்திருக்கிறேன். முதல்முறை முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வேட்டுக்காகச் செய்தது. அது எனக்கு நல்ல மதிப்பெண் வாங்கித் தந்தது. ஆனால் எதையும் அளக்கவில்லை. அளக்கவில்லை என்பதே எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. இந்த ஆய்வைக் கையில் எடுக்கும் முதுநிலை மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் ஆண்டுதோறும் என்னிடம் வினாத்தாள் கேட்டு வருகிறார்கள். வினாத்தாளைக் கொடுப்பதற்கு முன் இந்தக் கதையைச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

எம்.எஸ்சி. செவிலியம் இரண்டு ஆண்டுப் படிப்பு. அதற்குள் ஓர் ஆய்வை முடித்து ஏடாகக் கட்டிக் கொடுத்தாக வேண்டும். எங்கள் நூலகத்தின் ஆய்வேட்டு அலமாரியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினால், ஏதோ ஒரு நோயைப் பற்றிய ‘அமைப்புசார் கற்பித்தல் திட்டத்தின் பயன்திறன்’ என்ற தலைப்புதான் கையில் வரும். அதிலிருந்து விலகி எதையாவது செய்ய விரும்பினேன். மாணவர்களின் கண்ணோட்டத்தை அளக்கலாம் என்று வழிகாட்டி சொன்னபோது உடனே ஒப்புக்கொண்டதற்கு, உண்மையைச் சொன்னால், அது எளிது என்று நினைத்ததுதான் காரணம். நோயாளிகளைத் தேடி அலைய வேண்டாம், மருத்துவமனையில் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து வாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வகுத்த முறையைத்தான் நானும் பின்பற்றினேன். ஒரு கூற்றைக் கொடுத்து, அதை எவ்வளவு ஏற்கிறீர்கள் என்று ‘முற்றிலும் ஏற்கவில்லை’ முதல் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ வரையான ஐந்து கட்டங்களில் ஒன்றைக் குறிக்கச் சொல்லும் முறை அது. 32 கூற்றுகளைத் தொகுத்தேன். ஒரு புதன்கிழமை முதல் பாடவேளையில், சீருடைச் சோதனை முடிந்த கையோடு, வகுப்பு ஆசிரியை மேடையில் நின்றுகொண்டிருக்க, தாள்களை வரிசை வரிசையாகக் கொடுத்தேன். இருபது நிமிடம் ஆகும் என்று அறிவித்திருந்தேன். ஏழு நிமிடத்தில் பெரும்பாலோர் பேனாவை மூடிவிட்டார்கள். தாள்களைப் புரட்டியபோது ஐந்தாவது கட்டத்தில் டிக் குறிகள் கொத்தவரங்காய் நட்ட வரிசை போல நேராக இறங்கியிருந்தன. ‘நான் செவிலிய மாணவி என்பதைப் பிறரிடம் பெருமையுடன் சொல்லிக்கொள்வேன்’ என்ற கூற்றுக்கு அந்த வகுப்பில் ஒருவர்கூட 4க்குக் கீழே குறிக்கவில்லை. மாணவர்கள் தங்கள் தொழில்மீது மிகச் சாதகமான கண்ணோட்டம் கொண்டுள்ளனர் என்று எழுதி, படம் வரைந்து, பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆய்வேட்டை ஒப்படைத்து ஒரு மாதம் இருக்கும். மாலையில் நகரப் பேருந்தில், எனக்கு இரண்டு இருக்கை முன்னால், அதே வகுப்பு மாணவி ஒருத்தி க்ளினிக்கல் போஸ்டிங் என்ற மருத்துவமனைப் பயிற்சி முடிந்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்தாள். சீருடைக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் அணிந்து கழுத்துவரை ஜிப் போட்டிருந்தாள். வெளியே நல்ல வெயில். பக்கத்தில் இருந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தார்.

“என்ன படிக்கிற கண்ணு?”

“பி.எஸ்சி. பாட்டி.”

“பி.எஸ்சி.ன்னா? கெமிஸ்ட்ரியா?”

சற்று நேரம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “நர்சிங்” என்றாள். அது எனக்குக் கேட்டதைவிட, அவள் உதடு அசைந்ததில் தெரிந்தது என்பதே சரி.

என் வினாத்தாளில் பெயரோ பதிவெண்ணோ இல்லை; அவளுடைய தாள் எது என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அந்த வகுப்பில் எல்லோருமே 4 அல்லது 5 குறித்திருந்தார்கள் என்றால், அவளும் அப்படித்தான் குறித்திருக்கிறாள். அவள் பொய் சொன்னாள் என்று நான் அன்றும் நினைக்கவில்லை. நான் கேட்ட இடத்தில், நான் கேட்ட நேரத்தில், மேடையில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கேள்விக்கு அது ஒன்றே விடை. பேருந்தில் கேட்டவர் வேறு, அதனால் விடையும் வேறு.

ஆகவே அடுத்த முறை நான் முதலில் மாற்றியது வினாத்தாளை அல்ல, கேட்பவரை. அக மதிப்பீட்டு மதிப்பெண்ணைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர், “உங்கள் விருப்பம்தான், கட்டாயமில்லை” என்று சொல்லித் தாளை நீட்டும்போது, அந்த ‘விருப்பம்’ என்ற சொல்லுக்கு எடையே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், மருத்துவ, செவிலிய, மருந்தியல் நிறுவனங்களின் மாணவர்களைப் படிநிலை உறவுக்குள் இருப்பவர்கள் என்று கருதி, எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடிய பிரிவினரோடு சேர்த்துப் பேசுகின்றன. நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தில் இதை எல்லோரும் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஆனால் இது நெறி சார்ந்த விஷயம் மட்டும் அல்ல. அளவீட்டின் தரமே இதில்தான் இருக்கிறது. அஞ்சுகிற மாணவி நமக்குத் தருவது தன் கண்ணோட்டத்தை அல்ல, நம் கண்ணோட்டத்தைப் பற்றிய அவளுடைய ஊகத்தை.

இரண்டாவது அளவீட்டை 2020ஆம் ஆண்டு மே 12ஐ ஒட்டிச் செய்யத் திட்டமிட்டிருந்தேன். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு நிறைவு. உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டையே செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆண்டாக அறிவித்திருந்தது. உலகில் 2 கோடியே 79 லட்சம் செவிலியர்கள் இருக்கிறார்கள், இன்னும் 59 லட்சம் பேர் தேவை என்று அதன் அறிக்கை அந்த ஏப்ரலில் வெளிவந்தது. அதற்குள் கல்லூரிகள் மூடப்பட்டுவிட்டன. கூகுள் படிவமாக மாற்றி அனுப்பினேன். மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கைதட்டி முடித்திருந்த காலம் அது. ‘சமூகம் செவிலியரை மதிக்கிறது’ என்ற கூற்று முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்து நின்றது. ஆனால் கடைசியில் நான் விட்டிருந்த திறந்த கேள்விக்கு ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: “கைதட்டிய தெருவில்தான் எங்கள் சீனியர் அக்காவை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.” அவள் அந்தக் கூற்றுக்கு 5 குறித்திருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டுமே உண்மைதான் என்று அவள் நினைத்திருக்கலாம்.

இணையப் படிவத்தைப் பயன்படுத்துவோர் மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் அமைப்பை அணைத்துவிட்டோமா என்று வேறொருவர் கைபேசியிலிருந்து படிவத்தைத் திறந்து சரிபார்க்க வேண்டும். நான் சரிபார்க்காததால் முதல் நாள் வந்த படிவங்களை அழித்துவிட்டு மீண்டும் அனுப்ப நேர்ந்தது. அதைவிடச் சிக்கலான ஒன்றைப் பின்னாளில் ஒரு மாணவி பேச்சுவாக்கில் சொன்னாள்: அவளிடம் இருந்தது அப்பாவின் போன், விடை குறிக்கும்போது அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். ‘என் விருப்பத்தின்பேரில் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன்’ என்ற கூற்றுக்கு அங்கே என்ன குறிக்க முடியும்?

மூன்றாவது முறை மீண்டும் தாளுக்கே வந்தேன். நூலகத்தின் ஒரு மூலையில் பூட்டிய பெட்டி. தாளைக் கொடுக்க, எந்தப் பாடமும் எடுக்காத நூலகர். ஒரு வார அவகாசம். விருப்பமில்லாதவர் வெறுந்தாளை மடித்துப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. வயது, பால், ஆண்டு, சொந்த மாவட்டம் என்று வழக்கமாகக் கேட்கும் தன்விவரப் பகுதியையும் வெட்டினேன். எங்கள் வகுப்புகளில் ஆண் மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டு, ஆண், இந்த மாவட்டம் என்று மூன்று கட்டங்களைக் குறித்துவிட்டால், பெயர் எழுதாமலே அந்தப் பையன் கையொப்பமிட்டு விடுகிறான். ஆண்களின் பார்வை தனியே தேவை என்றால், ஆண்டைக் கேட்காமல் எல்லா ஆண்டு ஆண்களையும் ஒரே குழுவாகக் கொள்ளலாம். அல்லது அவர்களிடம் உட்கார்ந்து பேசலாம். வார்டில் எல்லோரும் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடும்போது திரும்பிப் பார்ப்பதா வேண்டாமா என்று தயங்கும் ஒருவனுடைய அனுபவம் ஐந்து கட்டங்களுக்குள் அடங்குவதும் இல்லை.

அடுத்தது சொற்கள். இதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன், அதற்காக வருந்தவும் இல்லை. பாடமொழி ஆங்கிலம் என்பதால் ஆங்கில வினாத்தாளே போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த முதலாண்டு மாணவி, ஆங்கிலக் கூற்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் முயற்சியிலேயே களைத்து, நடுக் கட்டத்தில் டிக் அடித்துவிடுவாள். தமிழாக்கம் செய்தால், ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் விளக்கிய மறுபெயர்ப்பு முறைப்படி, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட வேண்டும். அதைச் செய்தும் எனக்கு ஒரு கூற்று கைகொடுக்கவில்லை. ‘செவிலியருக்குப் பணியில் தன்னாட்சி உண்டு’ என்று எழுதியிருந்தேன். மறுபெயர்ப்பிலும் மிகச் சரியாகவே வந்தது. சிலரிடம் மட்டும் கொடுத்துப் பார்த்த முன்னோட்டத்தின்போது ஒரு மாணவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, இதைப் படித்ததும் என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். “நம்ம காலேஜ் தன்னாட்சிக் கல்லூரி இல்லையே மேடம்” என்றாள். அவள் அறிந்த தன்னாட்சி கலை அறிவியல் கல்லூரியின் பெயர்ப்பலகையில் இருப்பது. ‘நோயாளியின் பராமரிப்பில் சில முடிவுகளைச் செவிலியர் தாமே எடுக்கலாம்’ என்று மாற்றிய பிறகுதான் விடைகள் பரவி வந்தன.

‘தொழில்’ என்ற சொல்லே தொல்லை தருவது. வேலை, பணி, தொழில், சேவை ஆகிய நான்கையும் நாம் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக எழுதிவிடுகிறோம். மாணவர்கள் அப்படிப் படிப்பதில்லை. ‘செவிலியம் ஒரு புனிதமான சேவை’ என்பதை மறுக்க ஒரு மாணவிக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். முதலாண்டில் விளக்கேந்தி உறுதிமொழி எடுத்த மேடை அவள் கண்முன் நிற்கும். எல்லோரும் ஏற்கும் கூற்று யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. அளவுகோலில் அதற்கு இடமில்லை. அதை நீக்கினேன். அதற்குப் பதில், ‘சம்பளம் போதவில்லை என்று செவிலியர் கேட்பது சேவை மனப்பான்மைக்கு எதிரானது’ என்று வைத்தேன். ஆய்வுக் கருவியான இந்த வினாத்தாளைச் சரிபார்த்த வல்லுநர்களில் ஒருவர் இது சரியில்லை என்று சிவப்பு மையில் சுழித்திருந்தார், நான் அதை நீக்கவில்லை. மூன்றாவது அளவீட்டில் மாணவர்களை மிக நன்றாகப் பிரித்துக் காட்டிய கூற்றுகளில் அதுவும் ஒன்று.

மொத்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள் என்பது எனக்கு விலைகொடுத்துக் கிடைத்த பாடம். 32 கூற்று, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 என்றால் மொத்தம் 32இலிருந்து 160 வரை போகும். நட்ட நடுவில் 96. எல்லாவற்றுக்கும் 3 குறித்த மாணவிக்கும் 96தான். 16 கூற்றுக்கு 5, மீதி 16க்கு 1 என்று குறித்த மாணவிக்கும் 96தான். முன்னவள் யோசிக்கவே இல்லாதவளாக இருக்கலாம். பின்னவள் இந்தத் தொழிலை நேசித்துக்கொண்டே இதிலிருந்து வெளியேறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கலாம். ஆய்வேட்டில் இருவரும் ‘மிதமான கண்ணோட்டம்’ என்ற ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். செவிலிய வேலையைப் பற்றிய எண்ணம், அந்த வேலையில் தன்னைப் பொருத்திப் பார்ப்பது, ஊரும் உறவும் அதை எப்படிப் பார்க்கின்றன என்ற எண்ணம், சம்பளமும் இரவுப்பணியும் பணிப் பாதுகாப்பும், எதிர்காலம் எனத் தனித்தனிப் பகுதிகளாக்கித் தனித்தனியாகவே கணக்கிட்டால்தான் ஏதாவது தெரியும். அப்படிக் கணக்கிட்டபோது முதல் பகுதி உயர்ந்தும் மூன்றாம், நான்காம் பகுதிகள் தாழ்ந்தும் நின்றன. பேருந்தில் ஸ்வெட்டர் போட்டிருந்த பெண்ணை இப்போதுதான் எண்களில் பார்த்தேன்.

கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.7க்கு மேல் வந்துவிட்டால் கருவி நம்பகமானது என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது நம் வழக்கம். லீ குரோன்பாக் 1951இல் தந்த அந்தக் குணகம், கூற்றுகளின் எண்ணிக்கை கூடினாலே ஏறிவிடும். கூற்றுகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு, அதாவது ஒன்று ஏறும்போது மற்றொன்றும் சேர்ந்து ஏறும் அளவு, வெறும் 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கூற்றுக்கு ஆல்ஃபா ஏறத்தாழ 0.71, அதே ஒட்டுறவில் 32 கூற்றுக்கு 0.89. என் முதல் ஆய்வின் உயர்ந்த ஆல்ஃபாவுக்கு, ஒரே விஷயத்தை நான் ஆறு விதமாகக் கேட்டிருந்ததும், எல்லோரும் நேர்கோட்டில் டிக் அடித்ததும் போதுமான காரணங்கள்.

நேர்கோட்டு டிக்குகளை உடைப்பதற்காக எதிர்மறைக் கூற்றுகளைச் சேர்க்கச் சொல்வார்கள். சேருங்கள், ஆனால் ‘இல்லை’ என்று முடியும் கூற்றைச் சேர்க்காதீர்கள். ‘செவிலியருக்குச் சமூகத்தில் மதிப்பு இல்லை’ என்பதற்கு ‘ஏற்கவில்லை’ என்று குறிக்க வேண்டுமானால் மனத்துக்குள் இரண்டு மறுப்புகளைக் கூட்டிக் கழிக்க வேண்டும். ‘செவிலியரைச் சமூகம் தாழ்வாகப் பார்க்கிறது’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. இத்தகைய கூற்றுகளின் மதிப்பெண்ணை 6இலிருந்து கழித்துத் திருப்பிப் போட மறக்கக் கூடாது. எக்செல்லில் ஒரு நெடுவரிசையைத் திருப்ப மறந்து, அந்த ஒரு கூற்று மட்டும் மொத்தத்தோடு எதிர்த்திசையில் போவதைக் கண்டு, மாணவர்களின் மனமுரண் என்று ஒரு பத்தியே எழுதிவைத்திருந்தேன். மறுநாள் காலை அழித்தேன்.

எப்போது அளக்கிறோம் என்பதும் விடையின் ஒரு பகுதி. முதலாண்டுத் தொடக்கத்தில், வார்டையே பார்க்காத மாணவியிடம் கேட்டால் அவள் சொல்வது தொலைக்காட்சியிலும் வெளிநாட்டிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேட்டதை. போஸ்டிங் தொடங்கிய சில வாரங்களில் எண்கள் இறங்கும்; இறங்குவது கெட்ட செய்தி என்று நிர்வாகம் பதறும். செவிலிய ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974இலேயே பணியில் புதிதாகச் சேரும் செவிலியரிடம் கண்டு ‘யதார்த்த அதிர்ச்சி’ என்று பெயரிட்டதன் முன்னோட்டம்தான் இது. ஒரு நினைப்பு உடைந்து இன்னொன்று உருவாகும் இடைவேளை. முதலாண்டையும் நான்காம் ஆண்டையும் ஒரே நாளில் அளந்து, “படிக்கப் படிக்கக் கண்ணோட்டம் மாறுகிறது” என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். அவர்கள் வெவ்வேறு பிள்ளைகள். நான்காம் ஆண்டுக்குள் சிலர் படிப்பையே விட்டுப் போயிருப்பார்கள். போனவர்களின் பார்வை உங்கள் சராசரியில் இல்லை.

கடைசித் திறந்த கேள்வியை வேலை மிச்சம் என்று பலர் வெட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் நடைமுறைக்கு உதவும் விடை கிடைத்தது. ‘செவிலியராக உணர்ந்த ஒரு நாளை எழுதுங்கள்’ என்று கேட்டிருந்தேன். ஒருத்தி எழுதினாள்: “முதல் போஸ்டிங்கில் ஒரு பாட்டிக்கு முதுகு துடைத்துவிட்டேன். துண்டைப் பிழியும்போது உன் பேர் என்ன என்று கேட்டார். அன்றைக்கு அந்த வார்டில் வேறு யாரும் என் பெயரைக் கேட்கவில்லை.” இதே தொனியில் இன்னும் பல தாள்கள் இருந்தன. படுக்கை விரிப்பு போன்ற லினன் துணிகளை எண்ணுவதும் கோப்புகளை அடுத்த கட்டடத்துக்குத் தூக்கிப் போவதும் தங்களுக்குக் குறையில்லை, ஆனால் வார்டில் தாங்கள் யார் என்று யாருக்கும் தெரியவில்லை என்பதே அவற்றின் சாரம். இதற்குப் பெரிய தலையீடு எதுவும் தேவைப்படவில்லை. போஸ்டிங்கின் முதல் அரைமணி நேரம் வார்டுப் பொறுப்புச் செவிலியர் மாணவர்களைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்வது, ஒவ்வொரு மாணவியையும் அந்த வாரம் முழுவதும் ஒரே ஸ்டாஃப் நர்ஸோடு இணைப்பது என்று இரண்டை மட்டும் கேட்டுப் பெற்றோம். இணைத்த வாரங்களில் மாணவர்கள் வழக்கமான நேரத்துக்கு முன்பே வார்டில் இருந்தார்கள் என்பதைப் பொறுப்புச் செவிலியர்களே சொன்னார்கள். அடுத்த அளவீட்டில் எண் ஏறுமா என்பது வேறு விஷயம்.

முடிவுகளை மாணவர்களிடமே திருப்பிக் காட்டுவது நாங்கள் பிற்பாடு சேர்த்துக்கொண்ட பழக்கம். மூன்றாவது முறை காட்டியபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “மேடம், இதையே டியூட்டர்ஸுக்கும் கொடுப்பீர்களா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. கொடுத்தேன். அதே பெட்டி, அதே நூலகர், அதே ஒரு வாரம். ‘என் தங்கைக்கு இந்தப் படிப்பைப் பரிந்துரைப்பேன்’ என்ற கூற்றை ஆசிரியர்களுக்காக ‘என் மகளுக்கு’ என்று மட்டும் மாற்றினேன். மாணவர்கள் அந்தக் கூற்றுக்கு ஏதாவது ஒன்றைக் குறித்திருந்தார்கள். ஒருத்தி “எனக்குத் தங்கை இல்லை” என்று ஓரத்தில் எழுதிவிட்டு 2ஐக் குறித்திருந்தாள். ஆசிரியர்களின் தாள்களில் மற்ற வரிகள் எல்லாம் நிரம்பியிருக்க, அந்த ஒரு வரி மட்டும் சில தாள்களில் காலியாக இருந்தது. காலியான இடத்தை 3 என்று நிரப்புவது இங்கே பரவலான பழக்கம்; நடுநிலையும் மௌனமும் ஒன்றல்ல என்பதால் அப்படிச் செய்யக் கூடாது. எக்செல்லில் அந்தக் கட்டங்களில் விடையில்லை என்பதற்கான 9ஐ இட்டு, எத்தனை 9 என்பதைத் தனி வரியாக அறிக்கையில் சேர்த்தேன். காலியாக விட்ட தாள்களில் ஒன்று என்னுடையது.